முதல் முப்பது பக்கங்கள்

எங்கள் கல்லூரி நூலகத்தில் தமிழ் நாவல்களுக்கென்று ஒதுக்கியிருந்த மூன்று இரும்பு அலமாரிகளும் நான் ஆசிரியனாகச் சேர்ந்த நாள் தொட்டுப் பூட்டியே கிடந்தன என்று எழுதும்போது, நூலகரைக் குறை சொல்லும் உத்தேசம் எனக்கு எள்ளளவும் இல்லை. கேட்பாரில்லாத பண்டத்தைப் பூட்டி வைத்தாலும் ஒன்றுதான், திறந்து வைத்தாலும் ஒன்றுதான் என்று அவர் தீர்மானித்திருந்தால், அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய சாட்சியம் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டியிருந்த தேதிச் சீட்டிலேயே இருந்தது. சில சீட்டுகளில் கடைசி முத்திரை விழுந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. சிலவற்றில் முத்திரையே விழவில்லை. ஆகவே, ஒரு திங்கட்கிழமை காலையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று அந்த அலமாரிகளின் சாவியைக் கேட்டபோது, மனிதர் கலவரமடைந்து நேரே என்னிடம் வந்தார். “ஐயா, நாவலுக்குப் பரீட்சை ஏதும் வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

பரீட்சை ஒன்றும் வைக்கவில்லை, விசேஷமே அதுதான். வணிகவியலும் இயற்பியலும் படிக்க வந்து, ‘பகுதி ஒன்று’ என்ற பெயரில் முதல் இரண்டாண்டுகள் தமிழையும் சேர்த்துச் சுமக்கும்படி நேர்ந்த பிள்ளைகள் அவர்கள். செய்யுள் திரட்டு, இலக்கிய வரலாறு, துணைப்பாடமாக ஒரு நாவல் அல்லது ஒரு சிறுகதைத் தொகுதி என்று மேலிடம் வகுத்துத் தருவதை, நோட்ஸின் துணையால் கடந்து, தேர்வு எழுதிய மறுநாளே மறந்துவிடும் சாமர்த்தியம் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கைவந்திருந்தது. அவர்களிடம் நான் கேட்டுக்கொண்டது மிகச் சொற்பம். எந்த நாவலையாவது தாமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது பக்கமாவது படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் எழுந்து நின்று, படித்தபோது மனத்தில் பட்டதைச் சொல்ல வேண்டும். கதைச் சுருக்கம் வேண்டாம், ஆசிரியர் வரலாறு வேண்டாம், முடிவுவரை படித்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. பிடிக்காமல் பாதியில் மூடினால், மூடிய பக்கத்தின் எண்ணைச் சொன்னால் போதும்.

முதலில் கவனிக்கத்தக்கதாக இருந்தது அவர்கள் தேர்ந்தெடுத்த விதம். ஒருவன் அலமாரியில் இருந்தவற்றில் ஆக மெலிந்த புத்தகத்தை எடுத்தான்; அது சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ என்பதும், அது சினிமாவாக வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்பதும் அவனுக்கு இரட்டை லாபமாகத் தோன்றின. ஒருத்தி அட்டையின் நிறத்துக்காக எடுத்தாள். ஒருவன் ‘நாளை மற்றுமொரு நாளே’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, தன் வாழ்க்கையைப் பற்றித்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணி எடுத்ததாகச் சொன்னான். பத்தொன்பது வயதில் அப்படி எண்ணுவதற்கு என்ன நேர்ந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. இவையெல்லாம் அற்பக் காரணங்கள் என்று சிரிப்பவர்கள், தாம் முதன்முதலில் படித்த நாவலை எந்த மகத்தான காரணத்துக்காகக் கையில் எடுத்தோம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தபோது, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பதையும் ஒரு விதியாக வைத்தார். அந்த வாசகரும் அந்த நூலும் சந்திப்பதற்கு அலமாரிகள் திறந்து கிடக்க வேண்டும், கால்போன போக்கில் நடக்கும் மனிதனின் கை தற்செயலாக ஒரு முதுகட்டையில் பட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அவர் பிறந்த மண்ணிலேயே நாவல் அலமாரிக்குச் சாவி எங்கே என்று தேடும் நிலையில் நாம் இருக்கிறோம்.

தேர்ந்தெடுத்தல் என்பது விமரிசனத்தின் முதற்படி என்றே நான் கருதுகிறேன். துணைப்பாட நாவலைப் படிக்கும் மாணவனுக்கு அது நல்ல நாவலா என்ற கேள்வியே எழுவதில்லை; யாரோ பெரியவர்கள் கூடிப் பேசி, நல்லது என்று முடிவு செய்த பிறகே அது அவனிடம் வந்து சேர்கிறது; அவனுக்கு மிச்சமிருப்பது அந்த முடிவுக்கான காரணங்களை மனப்பாடம் செய்யும் வேலை ஒன்றுதான். தானே எடுத்த புத்தகம் மோசமாகப் போனாலோ, ஏன் இதை எடுத்தோம் என்று அவன் தன்னையே நொந்துகொள்கிறான். அந்த நோவில் ஒரு ரசனை பிறக்கத் தொடங்கிவிடுகிறது.

முதல் வெள்ளிக்கிழமை எழுந்த முதல் பையன் கோபமாக இருந்தான். அவன் எடுத்தது சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. ஜோசப் ஜேம்ஸ் என்னும் மலையாள எழுத்தாளன் 1960 ஜனவரி 5ஆம் தேதி, ஆல்பெர் காம்யு விபத்தில் மாண்டதற்கு மறுநாள், இறந்துபோனதாக அந்த நாவல் தொடங்குகிறது. காம்யு இறந்த தேதியைக் கைப்பேசியில் சரிபார்த்து, அது ஜனவரி 4 என்று உறுதியானதும், ஜே.ஜே.யும் மெய்யான மனிதன்தான் என்று நம்பி இரண்டு நாள் தேடியிருக்கிறான். “அப்படி ஒரு ஆளே இல்லைங்கய்யா. ஏமாத்திட்டாங்க” என்றான். வகுப்பு சிரித்தது. 1981இல் அந்த நாவல் வெளிவந்த காலந்தொட்டு அதன் வடிவத்தைப் பற்றியும், மெய்யையும் புனைவையும் அது கலந்த நுட்பத்தைப் பற்றியும் எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. நானும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். அந்த நுட்பம் நூறு சதவீதம் பலித்த ஒரு வாசகனை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். மெய்யான மரணம் ஒன்றின் பக்கத்தில் பொய்யான மரணம் ஒன்றை நிறுத்தி, முன்னதன் உறுதியைப் பின்னதற்கும் கடனாக வாங்கித் தந்த ஆசிரியரின் தந்திரம், அதைத் தந்திரம் என்று முன்கூட்டியே அறிந்து படித்த என்னிடம் ஒருநாளும் வேலை செய்ததில்லை. அவனுக்குக் கிடைத்த ஏமாற்றம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காத ஒரு பாக்கியம் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “மேலே படி” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து வந்தவள் ‘பொன்னியின் செல்வன்’ எடுத்திருந்தாள். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனை நினைக்கும்போதெல்லாம், 2022இல் வந்த படத்தின் நடிகர் முகமே வந்து நிற்கிறது, என்ன முயன்றும் போக மறுக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். சினிமா நம் கற்பனையைக் கொன்றுவிட்டது என்று வழக்கமாக ஆரம்பிக்கும் பிரலாபத்தை நானும் ஆரம்பிக்க வாயெடுத்தேன். ஆனால் 1950 முதல் 1954 வரை அந்தக் கதை ‘கல்கி’யில் வாரந்தோறும் வந்தபோது, மணியம் வரைந்த சித்திரங்களும் கூடவே வந்தன என்பதும், என் பாட்டி கடைசிவரையில் குந்தவையை மணியத்தின் குந்தவையாகவே கண்டுகொண்டிருந்தாள் என்பதும் நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டேன். இரவல் முகம் இல்லாமல் அந்த நாவலைப் படித்த தலைமுறை ஒன்று உண்டா என்பதே சந்தேகம்.

இந்தப் பேச்சுகளின் பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘செம’, ‘மொக்கை’, ‘இழுவை’, ‘என்னமோ மாதிரி ஆயிடுச்சு’ என்ற நான்கைந்து சொற்களுக்குள்ளேயே முதல் மாதம் கழிந்தது. இதைக் கேட்ட சக ஆசிரியர் ஒருவர், இதுவா இலக்கிய அபிப்பிராயம் என்று பரிகசித்தார். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனியாக ஓர் இயலே வைத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டை எண்ணிச் சொல்லியிருப்பதை அவருக்கு நினைவூட்டினேன். உள்ளத்தில் நிகழ்ந்தது உடம்பில் வந்து புலப்படுவதே மெய்ப்பாடு. சொல் வருமுன் மயிர் சிலிர்க்கிறது, தொண்டை அடைக்கிறது, முகம் சுளிக்கிறது. ‘என்னமோ மாதிரி ஆயிடுச்சு’ என்பவள் அந்த மெய்ப்பாட்டின் வாசலில் நின்றுகொண்டு அதற்குப் பெயர் தேடுகிறாள். “என்ன மாதிரி ஆயிற்று? எந்த இடத்தில்?” என்று மெதுவாகக் கேட்டால், நாலாவது கேள்விக்குள் ஒரு பக்கத்தின் எண்ணும், ஒரு வாக்கியமும், சில சமயம் ஒரு கண்ணீர்த் துளியும் வெளியே வந்துவிடுகின்றன. ஆசிரியனுக்கு அந்த வகுப்பில் வேறு உத்தியோகம் கிடையாது.

மூன்றாவது வாரத்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அதன் பிறகே இந்த வெள்ளிக்கிழமைகளை நான் விளையாட்டாக எண்ணுவதை விட்டேன். ஒரு பையன் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை எடுத்து வந்து, பத்தாவது பக்கத்தில் மூடிவிட்டதாக அறிவித்தான். “இது தமிழே இல்லைங்கய்யா. பாதி மலையாளம், பாதி என்னன்னே தெரியல” என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. 1988இல் வெளிவந்த அந்த நாவலில், குமரி மாவட்டக் கடற்கரையின் முஸ்லிம் ஜனங்கள் பேசும் பேச்சு, அரபும் மலையாளமும் விரவி, எந்தச் சலுகையும் காட்டாமல் அச்சேறியிருக்கிறது. வட்டார வழக்கைப் பற்றி நான் ஒரு சிறு பிரசங்கத்துக்குத் தயாரானபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மூன்று வாரமாக ஒரு வார்த்தையும் பேசாதவள். ‘புத்தகத்தைக் கொடு’ என்று அவன் பக்கம் கையை நீட்டி, வாங்கி, அவன் நிறுத்திய பக்கத்தைத் திறந்து, வாய்விட்டுப் படிக்கலானாள். கண்ணால் பார்த்தபோது முள்வேலியாக இருந்த வரிகள், அவள் குரலில் ஏற்ற இறக்கத்தோடு வந்தபோது, வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரமும் அவர் முன்னால் நிற்பவர்களின் பயமும் எல்லோருக்கும் விளங்கின. ஒன்றரைப் பக்கம் படித்துவிட்டு நிறுத்தினாள். “எங்க உம்மா வீட்டுல இப்படித்தான் பேசுவோம். இங்க வந்து இப்படிப் பேசினா சிரிப்பாங்கன்னு மாத்திக்கிட்டேன். புக்குல எல்லாம் இப்படி எழுதுவாங்களான்னு எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பையன் புத்தகத்தைத் திரும்பக் கேட்டான். அவள் கொடுக்க மறுத்துவிட்டாள். முதலில் தான் படிக்க வேண்டுமாம்.

தனியாக அறையில் உட்கார்ந்து அந்தப் பையன் ஒரு மதிப்புரை எழுதியிருந்தால், ‘நடை கடினம்’ என்ற இரண்டு சொற்களோடு காரியம் முடிந்திருக்கும். பத்துப் பேர் நடுவில், வாயால், அரைகுறையாகச் சொன்னதால்தான் அவன் அபிப்பிராயம் இன்னொருத்தியின் அனுபவத்தின் மேல் போய் மோதியது. ரசிகமணி டி. கே. சி. திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு ஒரு பாட்டை நாலு தரம் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அனுபவித்தபோது, ரசனை என்பது ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குத் தாவிப் பற்றிக்கொள்ளும் வஸ்து என்பதை அறிந்தே செய்திருக்க வேண்டும். நாவலுக்கும் அப்படி ஒரு தொட்டி வேண்டியிருக்கிறது. ஐந்நூறு பக்கத்தை வாய்விட்டுப் படிக்க ஒருவருக்கும் பொழுதில்லை என்பது வாஸ்தவம். முப்பது பக்கத்தின் பேச்சுக்குமா பொழுதில்லை?

மாணவர்களின் முதல் அபிப்பிராயத்தைத் திரட்டிப் பார்த்தவர்களில் பிரசித்தமானவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். ஆசிரியர் பெயரையும் காலத்தையும் மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர் கையில் கொடுத்து, மனத்தில் பட்டதை எழுதி வாங்கி, பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த குறிப்புகளை ஆராய்ந்து 1929இல் அவர் வெளியிட்ட நூல், இன்றளவும் விமரிசனக் கல்விக்கு ஆதாரமாக இருக்கிறது. பெரியவர்கள் கையெழுத்தைக் கண்டால் கைகூப்புவதும், அது இல்லாவிட்டால் தடுமாறுவதும் படித்த பிள்ளைகளுக்கும் சகஜம் என்பதை அவர் நிரூபித்துக் காட்டினார். பொருளைப் பிழையாகக் கொள்ளுதல், சொந்த நினைவுகளைக் கவிதைமேல் ஏற்றுதல், பழகிப்போன உணர்ச்சியை வார்ப்படமாக வைத்து வார்த்துக்கொள்ளுதல் என்று அவர் குற்றங்களை வகைப்படுத்திய நேர்த்தி வியக்கத்தக்கது. ஆயினும் அந்த நூலை மூடும்போது, குற்றப்பத்திரிகை ஒன்றைப் படித்து முடித்த களைப்பு எனக்கு உண்டாகாமல் இருந்ததில்லை. கவிதையைத் தேர்ந்தவர் அவர். பிழைகளைக் கணக்கெடுத்தவரும் அவர். மாணவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் கேட்டு மனம் மாற இடமே இருக்கவில்லை. சொந்த நினைவைக் கதைமேல் ஏற்றுவது குற்றமென்றால், உம்மா வீட்டுப் பேச்சை நினைத்துக்கொண்டு எழுந்து படித்த அந்தப் பெண்ணும் குற்றவாளிதான்.

முதல் அபிப்பிராயம் பிழைபடாது என்று வாதிப்பது என் நோக்கமல்ல. அது பிழைபடும், பலமுறை பிழைபட்டதைப் பார்த்திருக்கிறேன். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்த ஒருவன், ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழையும் பக்கங்களிலேயே திக்குத் தெரியாமல் நின்றுவிட்டான், ஊர்ப் பெயர்களும் மலாய்ச் சொற்களும் கண்ணைக் கட்டிவிட்டன என்றான். சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியாவில் தொழில் பார்த்துத் திரும்பி, மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் காலம் கழித்த அந்த எழுத்தாளரின் நாவல், எழுதி முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்து 1972இல்தான் புத்தகமாயிற்று; கையெழுத்துப் பிரதியைத் திருப்பிய பதிப்பாளர்களுக்கும் என் மாணவனுக்கு நேர்ந்ததேதான் நேர்ந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். வித்தியாசம் இவ்வளவே: திக்குத் தெரியாமல் நின்றதை அவன் வெட்கமில்லாமல் சொன்னான்; சொன்னதால், தன் கொள்ளுத்தாத்தா பினாங்குக்குப் போய்த் திரும்பாத கதையை வேறொருவன் எடுத்துரைத்தான்; அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு தேசப்படத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு படித்தார்கள்.

முதல் அபிப்பிராயம் போதுமா என்ற இந்த வழக்கு தமிழ் விமரிசனத்திலேயே ஒருகாலத்தில் நடந்திருக்கிறது. க. நா. சுப்ரமண்யம் தாம் ரசித்த நாவல்களைப் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டுக் கேட்டு அறிமுகம் செய்தார். ஏன் நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்க அவர் அதிகம் மெனக்கெட்டதில்லை. 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவுக்கு அது போதவில்லை. படைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆதாரத்தோடு பேச வேண்டும் என்று அலசல் முறையை வற்புறுத்தினார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இருபது வயதுக்குக் க. நா. சு.வும் முப்பது வயதுக்குச் செல்லப்பாவும் பொருந்துவார்கள் என்பேன். நம் பாடத்திட்டங்களோ, பதினேழு வயதில் அலசலைத் தொடங்கி, ரசனைக்கு எந்த வயதையும் ஒதுக்காமல் விட்டுவிட்டன. (அந்தச் செல்லப்பாவே எழுதிய ‘வாடிவாசல்’, ஒல்லியாக இருந்த ஒரே காரணத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒரே இரவில் படித்து முடிக்கப்பட்டு, ‘மாடு செத்ததுக்கு அழுகை வந்துச்சுங்கய்யா’ என்ற ஒரு வரி விமரிசனத்தைப் பெற்றது. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!)

வாசகரின் முதல் உணர்ச்சியால் ஒரு நாவலே பிறந்த வரலாறும் நம்மிடம் உண்டு. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ‘ஆனந்த விகட’னில் வந்தபோது, மழைநாளில் அந்நியன் காரில் ஏறிக் கெட்டுத் திரும்பிய மகளின் தலையில் நீரை வார்த்து, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அந்தத் தாய் ஏற்றுக்கொண்ட முடிவைப் பொறுக்காமல் எண்ணற்றவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அவசரமும் ஆத்திரமும் நிறைந்த அந்த ஆக்ஷேபங்களை ஜெயகாந்தன் குப்பையில் போட்டுவிடவில்லை. அந்தத் தாய் அப்படி ஏற்றுக்கொள்ளாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதிக் காட்டப் புகுந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைப் படைத்தார். அந்தச் சிறுகதையையும் அதை எழுதிய எழுத்தாளனையும்கூட நாவலுக்குள் கொண்டுவந்தார். 1972இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி பரிசும் கிடைத்தது. அந்த நாவலை எடுத்த மாணவி ஒருத்தி, நாயகி கங்காவின் அண்ணன்மேல் தனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்ததாகவும், அப்புறம் அது நூலகப் புத்தகம் என்று ஞாபகம் வந்து எடுத்துத் தடவிக் கொடுத்ததாகவும் சொன்னாள். அறுபதுகளில் அவள் இருந்திருந்தால் கடிதம் எழுதியிருப்பாள்.

என் சொந்த அகம்பாவம் அடிபட்ட கதையையும் மறைக்கலாகாது. எந்த நாவலானாலும் சரி என்று நான் சொல்லியிருந்தேனே ஒழிய, எந்த நாவலானாலும் சரியென்று என் மனம் ஒப்பவில்லை என்பது, ஒரு பெண் ரமணிசந்திரன் நாவல் ஒன்றைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றபோதுதான் வெளிப்பட்டது. என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. அவள் அதைப் படித்துவிட்டாள். “இது நல்ல நாவல் இல்லைன்னு தெரியுங்கய்யா” என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் தொடங்கினாள். பிறகு சொன்னாள்: “எங்கம்மா இதைத் துணி பீரோவுக்குள்ள வெச்சிருப்பாங்க. எல்லாரும் தூங்கினப்புறம் அடுப்படி லைட்டுல படிப்பாங்க. அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கத்தான் எடுத்தேன். இதுல வர்ற பொண்ணுக்கு ஒருத்தன் காபி போட்டுக் கொடுக்கிறான். அந்தப் பக்கம் மட்டும் மடிச்சு மடிச்சு நைஞ்சு போயிருக்கு.” அவ்வளவுதான் பேசினாள். அந்த நாவலின் இலக்கியத் தரம் குறித்து எனக்கிருந்த அபிப்பிராயம் இன்னும் மாறவில்லை. ஆனால் ஒரு வாசகியைப் பற்றி, அவள் எந்தப் பக்கத்துக்காகப் படிக்கிறாள் என்பதைப் பற்றி, அதைவிட நுட்பமான குறிப்பை நான் எந்த ஆய்வேட்டிலும் கண்டதில்லை. அப்படி ஒரு புத்தகத்தை யாரும் பாடமாக வைக்கப் போவதில்லை. தானே தேர்ந்தெடுத்தாலன்றி அவள் அதை அந்த வகுப்புக்குள் கொண்டுவந்திருக்க முடியாது.

இவ்வளவு நன்றாக நடந்த காரியத்தை மறுவருஷம் நானே கெடுத்தேன். பிள்ளைகளின் உற்சாகத்துக்கு ஏதாவது கைம்மாறு செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஐந்தை இந்தப் பேச்சுக்கு ஒதுக்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமையே வகுப்பின் தொனி மாறிவிட்டது. ‘மனித உறவுகளின் சிக்கல்களை ஆழமாகச் சித்திரிக்கும் இந்நாவல்’ என்று ஒருவன் தொடங்கினான். அடுத்தவள் ‘சமூக அவலங்களைத் தோலுரித்துக் காட்டும் இந்நாவல்’ என்றாள். மொக்கை என்று ஒருவரும் சொல்லவில்லை. சுவரில் எறிந்ததாகவும் சொல்லவில்லை. பாதியில் மூடியவர் ஒருவரும் இல்லை. ஏனெனில் திறந்தவரே அநேகமாக இல்லை. கைப்பேசியில் கிடைத்த யாரோ ஒருவரின் மதிப்புரை முப்பத்தைந்து வாய்களில் புகுந்து புறப்பட்டது. ஐந்து மதிப்பெண்ணுக்கு இவ்வளவு மகிமை உண்டென்று நான் நினைத்திருக்கவில்லை. இரண்டே வாரத்தில் அதை ரத்து செய்தேன். பழைய தொனி திரும்பி வருவதற்கு அரையாண்டு பிடித்தது.

ஆகவே, வாசிப்பை வளர்க்க வேண்டுமென்று ஆண்டுதோறும் தீர்மானம் போடும் கல்வியாளர்களிடம் என் விண்ணப்பம் விபரீதமாகத் தோன்றலாம்: தயவுசெய்து இதைப் பாடத்திட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். அட்டவணையில் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுங்கள். அந்த நேரத்துக்கு ஏடு, பதிவேடு, படிவம், புகைப்படம் ஒன்றும் கேட்காதீர்கள். நூலக அலமாரிகளின் பூட்டை எடுத்துவிடுங்கள். சில புத்தகங்கள் காணாமற் போகும், போகட்டும், திருடிப் படிக்கிற பிள்ளை கிடைப்பது துர்லபம். தாம் சொல்ல வந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் ஆசிரியர்கள் ஊருக்கு ஒருவர் கிடைத்தாலும் போதும். அந்த அடக்கந்தான் இதில் உள்ள ஒரே கஷ்டமான அம்சம், எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை. பாடப்பகுதியை முடிக்கவே நேரமில்லை என்ற ஆக்ஷேபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நேரம் இல்லைதான். அந்த ஒரு மணியில் நான் நடத்தாமல் விட்ட பாடத்தை அவர்கள் நோட்ஸில் பார்த்து எழுதித் தேறிவிட்டார்கள் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு நாள், எல்லோரும் பேசி முடித்த பின் மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. உம்மா வீட்டுப் பேச்சைப் படித்துக் காட்டிய பெண்ணின் தங்கை இப்போது முதலாண்டில் இருக்கிறாள், அவள் கேட்டாள், “ஐயா, நீங்க இப்ப என்ன படிக்கிறீங்க?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் படித்துக்கொண்டிருந்தவை எல்லாம் ஏற்கெனவே படித்தவை, அல்லது பிறர் என்ன சொன்னார்கள் என்று அறிந்துகொண்டு படிப்பவை. முன்பின் தெரியாத ஒரு நாவலை, தீர்ப்பு எதையும் கேளாமல், முதல் பக்கத்திலிருந்து படித்து எத்தனை வருஷமாயிற்று என்று கணக்கிட்டுப் பார்த்துச் சங்கோசமடைந்தேன்.

அன்று மாலை நானும் அலமாரி முன் நின்றேன். கையில் பட்டது கிருத்திகாவின் ‘வாசவேஸ்வரம்’. அந்தப் பெயரை நான் அறியாதவன் அல்லன். 1966இல் வந்த நாவல் என்பது தெரியும். இலக்கிய வரலாற்று வகுப்பில், நூலையும் ஆசிரியரையும் பொருத்துக என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்காக, அந்த ஒரு வரியை ஆண்டாண்டாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்தான். எழுதிப் போட்ட கை அதைத் திறந்து பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை முதல் ஆளாக எழுந்து நின்றேன். முப்பது பக்கம் படித்திருந்தேன். அந்த ஊரின் பெண்களைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, பாதியில், அது நாவலில் இருப்பதா அல்லது பெண் எழுத்தாளர்கள் என்ற தலைப்பில் வழக்கமாக நான் நடத்தும் பாடத்திலிருந்து வருவதா என்று சந்தேகம் தட்டி நிறுத்தினேன். மறுபடி தொடங்கினேன், மறுபடியும் நின்றது. வகுப்பில் சத்தமே இல்லை. “என்னமோ மாதிரி இருக்கிறது” என்றேன் கடைசியில்.

“எந்த இடத்துலங்கய்யா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.